வடகம் தாளிக்காத வீடு

கெங்கம்மாளுக்குச் சமையல் ஒன்றும் பிரமாதமாக வராது. நான் சொன்னால் பொறாமை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். திண்டிவனத்தில் பதினைந்து வருஷம் அவள் வீட்டை ஒட்டிய வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவள் நான். அவள் வைத்தால் காய் குழையும், புளி தூக்கலாக இருக்கும். ஆனால் இறக்குகிற நேரத்தில் ஒரு கைவேலை செய்வாள், அதில் எல்லாம் மறைந்துபோகும். கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஒன்றிரண்டாக இடித்துத் தூவுவாள். ரசத்தை இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிவாள். காரக்குழம்புக்கு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் காயவைத்த உருண்டை. அதில் ஒரு கிள்ளு எடுத்து நல்லெண்ணெயில் பொரித்துக் குழம்பில் கொட்டி, சட்டென்று மூடிவிடுவாள். மூடி என்ன பிரயோஜனம், தெருமுனை வரைக்கும் மணக்கும்.

"அடுப்ப அணைச்ச பிறகுதான், கிருஷ்ணவேணிக்கா, சமையலே" என்பாள் என்னிடம்.

அவள் புருஷன் தாண்டவராயன் லாரி டிரைவர். மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போய் வருவான். வடகம் மணக்காவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டதும் இவள் கரண்டியில் எண்ணெய் விடுவாள்.

எண்பத்து நாலு ஐப்பசி மழையில் ஆந்திராவில் ஏதோ ஒரு தரைப்பாலத்தில் லாரியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கிளீனர் உடல் கிடைத்தது. தாண்டவராயன் உடல் கிடைக்கவில்லை. பத்து நாள் தேடிவிட்டு, இனிமேல் இல்லை என்று சொந்தக்காரர்களே முடிவு பண்ணி, காரியத்துக்கு நாள் குறிக்க வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிற வரை தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தமே கேட்கக் கூடாது. இவளோ அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே போய் வடகம் தாளித்தாள். புருஷனுடைய அண்ணன் எழுந்து கத்தினார்.

"பொணத்தக் காட்டுங்க, தாளிக்கறத நிறுத்தறேன்" என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் தாளித்தாள். காய்ச்சலில் வெறும் கஞ்சி வைத்த நாளிலும் அதன்மேல் ஒரு கிள்ளு வடகம் பொரித்துப் போட்டாள். தெருவில் யாரும் அவளிடம் துக்கம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சண்டைக்கு வருவாள். எனக்கும் உள்ளுக்குள் ஆத்திரம்தான். புருஷன் செத்த அன்றே பொட்டை அழித்துக்கொண்டவள் நான். இவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று கருவியிருக்கிறேன். ஆனாலும் பகல் பன்னிரண்டுக்கு அந்த மணம் வந்தால்தான் எனக்கும் பசிக்கும்.

எண்பத்தெட்டு மாசியில் ஒரு நாள் பன்னிரண்டு தாண்டியும் மணம் வரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தேன். தாண்டவராயனோடு லாரி ஓட்டிய விழுப்புரத்துக் கண்ணையன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவள் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தார். உள்ளே ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் வடகம் நொறுங்கிக் கிடந்தது.

"போய்ட்டாராடி?"

"போய்ட்டாருக்கா."

"எங்கடி?"

"நெல்லூர்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்து அழுதேன். தெருவே திரண்டு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள், அப்போதே சொன்னோமே என்று வந்தார்கள். அவர்களும் எதையும் துருவிக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் நடந்தது. தாலி கழற்றுவது தாலியறுத்தவள் செய்ய வேண்டியது என்று அதை என் தலையில் கட்டினார்கள். என் கையால்தான் கழற்றினேன். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

அதன் பிறகு ஆறு மாசமாகியும் அவள் வீட்டில் தாளிக்கிற வாடையே இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய்ச் சத்தம் போட்டேன்.

"காரியம் முடிஞ்சி எத்தினி மாசமாச்சு? இன்னும் எதுக்குடி இந்த வெறுங்கொழம்பத் துன்னுக்கினு கெடக்கற?"

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவரு சாவலக்கா. நெல்லூர்ல பஞ்சர் கடை வெச்சிக்கினு இருக்காராம். வேற ஒருத்தியக் கட்டிக்கினு, பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்குதாம். கண்ணையன் அண்ணன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாரு."

உயிரோடு இருக்கிறவன் கட்டிய தாலியையா நான் கழற்றினேன்! அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அடிப்பாவி, அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடி?"

"சொல்லத்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீங்க கட்டிப்புடிச்சிக்கினு அழுதீங்க. மூணு வருசமா எங்கூட ஒக்காந்து ஒருத்தரும் அழுவலக்கா. எனக்கும் அழுவணும்போல இருந்துச்சி."

அடுப்பில் குழம்பு பொங்கியது. அவள் எழுந்து போய் இறக்கி, அப்படியே மூடி வைத்தாள்.

"எங்க இருந்தாலும் அவரு நல்லா இருக்கணும்னுதாங்க்கா தெனமும் தாளிச்சேன்" என்றாள். "நல்லாத்தான் இருக்காரு."