தலைவர் சொன்ன அட்டை

ராக்காயி, காலில் அட்டை ஏறினால் கூடையை இறக்கமாட்டாள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை மடக்கித் தூக்கி, பெருவிரல் நகத்தை அட்டையின் வாய்க்கடியில் கொடுத்து மெதுவாக நெம்புவாள். அது பிடியை விட்டு அவள் விரலில் சுருண்டுகொள்ளும். தேயிலைத் தூரடியில் ஈரமான இடமாகப் பார்த்து விரலை வைப்பாள். அட்டை இறங்கும்வரை நிற்பாள். பிறகு காலில் வழியும் ரத்தத்தை இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கில் துடைத்துவிட்டு மறுபடி கொழுந்தெடுப்பாள்.

கல்லுமலைத் தோட்டத்தில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. மழை நாளில் பெண்கள் கால் முழுக்கச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். முந்தானையில் உப்பு முடிந்திருப்பார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பைத் தடவுவார்கள். உப்புப் பட்ட அட்டை நுரைத்து, தான் குடித்ததையெல்லாம் கக்கிச் சாகும். அதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருந்தது. ரத்தத்துக்கு ரத்தம்.

ஏன் கொல்வதில்லை என்று கேட்டால் ராக்காயிக்கு ஒரே பதில்தான்.

“தலைவர் சொல்லியிருக்காரு.”

அதனால் அவளுக்கு அட்டைக்காரி என்று பெயர். கங்காணிகள் மாறினார்கள், துரைமார் மாறினார்கள், பெயர் மாறவில்லை. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் சண்முகவடிவு தன் காலில் அட்டையைக் கண்டால், “அக்கா, ஒங்க சொந்தக்காரவங்க வந்திருக்காங்க” என்பாள். சொல்லிக்கொண்டே உப்பைப் போடுவாள்.

அட்டை மேல் ராக்காயிக்குப் பிரியம் என்று சொல்ல முடியாது. பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். ஆள் கிட்ட வந்தால் அது புல் நுனியில் எழுந்து நின்று தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டும். கண் இருக்கிறதா, மூச்சை மோப்பம் பிடிக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை வயிறு நிறையக் குடித்ததை அதன் போக்கில் விட்டுப் பார்த்தாள். அது திரும்பிப் பார்க்காமல் போனது. குடித்தது போதும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறாள்.

தலைவர் என்றால் அங்கமுத்துத் தலைவர். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் சங்கம் வளர்த்தவர். செத்து வெகுகாலமாகிறது. ராக்காயி அவரைப் பார்த்தது ஒரே தடவை. பதினேழு வயது, பேர் பதிந்து வேலைக்கு இறங்கிய புதிது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம். தூறல். ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்குக் கடைசியில், மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் இடம். காற்று ஒலிபெருக்கியின் சத்தத்தை அடித்துக்கொண்டு போய்ப் பாதியைத்தான் கொண்டுவந்தது. கணுக்காலில் ஓர் அட்டை ஏறியிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். நசுக்கக் கல்லைத் தேடிக் கையை நீட்டியபோது தலைவரின் குரல் தெளிவாக வந்தது.

“அட்டைய யாரும் அலட்சியமா நெனைக்காதீங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்குங்க. இன்னைக்கு இத்துனூண்டாத் தெரியும். நாளைக்கு ஒங்க உசுரையே அதுதான் காப்பாத்தும்.”

அவள் கல்லைப் போட்டுவிட்டாள். கூட்டம் கலையும்வரை அட்டையை அப்படியே விட்டிருந்தாள். பிறகு நகத்தால் நெம்பி, கானோரப் புல்லில் இறக்கினாள். குனிந்திருந்தபோது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், நசுக்கிவிட வேண்டியதுதானே, ஏன் இறக்கி விடுகிறாய் என்று கேட்டது. அவள் நிமிரவில்லை. “தலைவர் சொல்லியிருக்காரு” என்றாள். முதன்முதலாக அதைச் சொன்னது அப்போதுதான். சேறு பட்ட கறுப்புச் சப்பாத்துக் கால்கள் இரண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பிறகு நகர்ந்தன. சப்பாத்துப் போட்ட ஆள் என்றால் கணக்கப்பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தாள்.

இந்த வருடம் தலைவருக்கு நூறாவது பிறந்தநாள். ஹட்டனில் மண்டபம் எடுத்து விழா. சங்கத்தின் செயலாளர் யோகேஸ்வரன், கடைவீதியில் போன் கடை வைத்திருப்பவன், தலைவரை நேரில் பார்த்தவர்களைத் தேடித் தோட்டம் தோட்டமாக வந்தான். ராக்காயி சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. போராட்டம், சம்பளம், வேலைநிறுத்தம் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றான். வாயில்லா ஜீவன்கள் மேல் தலைவருக்கு இருந்த இரக்கத்தை யாரும் சொன்னதில்லை. அவள் மேடையேற வேண்டும். பேனரில் ஒரு படமும் போட வேண்டும். அங்கேதான் அவனுக்குச் சிக்கல் வந்தது.

“அம்மா, அட்டையத் தடவிக் குடுக்குற மாதிரி எப்படிப் படம் போடுறது? நாய்க்குட்டி, ஆட்டுக்குட்டி ஏதாச்சும் இருந்துச்சா?”

“அட்டைதான் தம்பி.”

“மான்குட்டின்னு வச்சுக்குவமே.”

“நான் மானைப் பாத்ததே இல்லையே.”

செய்தி லயத்து வீடுகளில் பரவியது. கடைசிக் காம்பறாவில் குடியிருக்கும் மூக்கன் காதுக்கு அது போனது சாயங்காலம். மூக்கன் எழுபதைத் தாண்டியவர். அன்றைய கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர், அங்கே வாளியை வைத்திருந்த ராக்காயியிடம், மேடையில் என்ன பேசப் போகிறாய் என்று கேட்டார். சொன்னாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகும் தோள் குலுங்கியது.

“அடி கூறு கெட்டவளே. அவரு சொன்னது அடையாள அட்டைய. ஐடென்டி கார்டு. கலவரம் முடிஞ்சு, வழியெல்லாம் செக்கிங் இருந்த காலம் அது. கூட்டம் முடிஞ்சு மேசை போட்டுப் பேர் எழுதுனாங்களே, நீ போகலையா?”

போகவில்லை. மேசை போட்டதும் தெரியும், வரிசை நின்றதும் தெரியும். அது வேறு என்னவோ என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“இவ கார்ட விட்டுட்டா. கடிக்கிற அட்டையக் காப்பாத்திருக்கா” என்று மூக்கன் தண்ணீருக்கு நின்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ராக்காயியும் சிரித்தாள். தன் வாளி நிறைந்து வழிவதை யாரோ சொன்ன பிறகுதான் பார்த்தாள்.

சமைக்கும்போது தலைவரின் பேச்சை மனதுக்குள் திரும்பவும் ஓடவிட்டாள். அலட்சியமாக நினைக்காதீர்கள். சரி. அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரி. இத்துனூண்டு. அதுவும் சரி. ஒவ்வொரு வார்த்தையும் அந்த அட்டைக்கும் பொருந்தியது, இந்த அட்டைக்கும் பொருந்தியது. உயிரைக் காப்பாற்றும் என்பது மட்டும் இத்தனை வருடமும் அவளுக்கு விளங்காமல் இருந்தது. பெரியவர் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று விட்டிருந்தாள். இப்போது விளங்கிவிட்டது.

அன்று பேர் எழுதியவர்களுக்கெல்லாம் கார்டு வந்தது. அவளுக்கு வர வெகுகாலம் ஆனது. இடையில் தங்கச்சி கல்யாணத்துக்குக் கண்டிக்குப் போனபோது, வழியில் சோதனையில் பஸ்ஸை விட்டு இறக்கி உட்கார வைத்தார்கள். யாரோ வந்து அழைத்துப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. தாலி கட்டியதை அவள் பார்க்கவில்லை. அதைத் தலையெழுத்து என்று நினைத்திருந்தாள்.

யோகேஸ்வரனுக்குப் போன் பண்ணினாள். தலைவர் சொன்னது அந்த அட்டை இல்லையாம் என்றாள்.  அவன், பேனர் அடித்தாகிவிட்டது, மான்குட்டியும் நன்றாக வந்திருக்கிறது, இப்போது போய் யார் அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்றான். அவள் பாட்டுக்கு எப்போதும் சொல்வதைச் சொன்னால் போதும்.

ராக்காயிக்குப் போதவில்லை. தலைவர் அட்டைக்கும் இரங்குகிற ஆளா இல்லையா என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் தான் யாருக்காகக் கால் நிறைய ரத்தம் விட்டோம். மேடையில் ஏறி எதைச் சொல்வது. தலைவரைக் கிட்ட இருந்து பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாள். ஜீப் ஓட்டிய வீரய்யா வட்டகொடையில் இருக்கிறார், ஆனால் விழாவுக்கு வர முடியாது, முழங்கால் போய்விட்டது என்றான் யோகேஸ்வரன்.

விழாவுக்கு முந்தின நாள் வேலைக்குப் போகாமல் ஹட்டனில் ரயிலேறினாள். வீரய்யாவின் வீடு வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பின்னால். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் முதலில் கையை விரித்தார்.

“பேச்சு என்னான்னு என்னையக் கேக்காத தாயி. அவரு பேச ஆரம்பிச்சா நான் வண்டிக்குள்ள தூங்க ஆரம்பிச்சுருவேன். கைதட்டுற சத்தம் கேட்டா முழிச்சு இஞ்சினப் போடுவேன். அம்புட்டுத்தான்.”

அட்டையைக் கொல்வாரா என்று ராக்காயி கேட்டாள்.

வீரய்யா பூண்டை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எதற்கு இதைக் கேட்கிறாய் என்றார். அவள் சும்மா என்றாள்.

முன்னால் கொல்வார் என்று அவர் சொன்னார். சிகரெட் நெருப்பை வைத்துச் சுடுவார், சுருளுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு காலத்தில் விட்டுவிட்டார். மழை நாளில் தோட்டத்திலிருந்து வண்டியேறினால் முதலில் இரண்டு காலையும் பார்ப்பார். இருந்தால் எடுத்து வெளியே விட்டுவிட்டுத்தான் கிளம்பச் சொல்வார். ஒருநாள் வெகுதூரம் வந்த பிறகு ஜீப்புக்குள் ஒன்று நெளிந்தது. நிறுத்தச் சொன்னார். வீரய்யா அதை எடுத்து ரோட்டில் எறிந்தார். தார் ரோட்டில் காய்ந்துவிடும், புல்லில் விடு என்று வீரய்யாவை மறுபடி இறக்கிவிட்டார்.

“எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மேடையில ரத்தம் குடிக்கிற அட்டைங்கன்னு கம்பெனிக்காரவங்கள ஏசுறீங்க, இதுக்கு மட்டும் நான் சேவகம் பண்ணணுமான்னு கேட்டே புட்டேன்.”

“என்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு. ஏதோ ஒரு தோட்டத்துல ஒரு புள்ள அட்டைய எடுத்துப் புல்லுல எறக்கி விட்டுக்கிட்டு இருந்துச்சாம். ஏன்னு கேட்டா, தலைவர் சொல்லியிருக்காருன்னுச்சாம். நான் எப்படா சொன்னேன்னு வழியெல்லாம் யோசிச்சேன் வீரய்யா, அப்பறம், சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்னு தோணுச்சு, அப்படின்னாரு.”

 ஸ்டேஷனில் ஒரு மணி அடித்தது.

“எந்தத் தோட்டம்னு சொன்னாருங்களா ஐயா?”

“நல்லதண்ணிப் பக்கம்னு நெனப்பு. சரியாத் தெரியல.”

கல்லுமலை நல்லதண்ணிப் பக்கம் இல்லை. இன்னொரு கேள்வி இருந்தது. தோட்டத்துக்கு வரும்போது தலைவர் காலில் என்ன போடுவார் என்று கேட்டாள்.

“வெயில்னா செருப்பு. மழைன்னா கறுப்புச் சப்பாத்து. நாந்தான் தொடச்சு வைக்கிறது” என்றார் வீரய்யா. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “ஏந்தாயி, நீதானா அது?” என்றார்.

“தெரியலைங்க ஐயா. நான் நிமிந்து பாக்கல” என்றாள் ராக்காயி.

அவர் ஒரு கை பூண்டை அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பேனரில் தலைவர் மான்குட்டியோடு நின்றார். ராக்காயி நாலாவதாகப் பேசினாள். தலைவர் ஓர் அட்டையைச் சொல்ல, தான் இன்னோர் அட்டை என்று எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். மேசைக்குப் போய்ப் பேர் எழுதாததையும், தங்கச்சி கல்யாணத்தையும் சொன்னாள். முன்வரிசையில் சிரிப்பு கிளம்பி, பேச்சு கல்யாணத்துக்கு வந்தபோது நின்றது. யோகேஸ்வரன் மேடையோரத்தில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். அவள் வீரய்யாவிடம் கேட்டதையும் சொன்னாள். அட்டையைப் புல்லில் விடச் சொன்ன இடத்தில் சிலர் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை யாரென்று அவள் சொல்லவில்லை. முடிக்கத் தெரியாமல் நின்றவள், “தலைவர் சொல்லி நான் கேட்டேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். யாரு சொல்லி யாரு கேட்டாங்கன்னு இப்ப தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மூக்கன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.  இறங்கும்போது, “அப்ப எனக்கும் சரியாத்தான் கேட்டிருக்கு” என்றார்.

“ஒங்களுக்குச் சரியாத்தான் கேட்டுச்சுண்ணே.”

மறுநாள் காலையிலிருந்தே மழை. நிரையின் நடுவில் ராக்காயியின் கணுக்காலில் குளிர்ந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். சின்ன அட்டை, இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை. நகம் கிட்டப் போய் நின்றது. இதைச் செய்யும்போது காதில் வழக்கமாகக் கேட்கும் ஒலிபெருக்கிக் குரல் இன்று கேட்கவில்லை. தேயிலையில் மழை விழும் சத்தம் மட்டும் இருந்தது. பக்கத்து நிரையிலிருந்து சண்முகவடிவு உப்பு முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

“இந்தாங்கக்கா. அதான் தலைவர் சொல்லலைன்னு ஆயிருச்சே. இனி யாரு கேக்கப் போறா?”

ராக்காயி உப்பைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். அது எழுந்து நின்று அவள் மூச்சு வரும் பக்கம் தலையை ஆட்டியது.

“அவரு சொல்லல. நாந்தான் சொன்னேன்” என்றாள்.

நகத்தால் நெம்பினாள். தூரடியில் விரலை வைத்தாள். அட்டை இறங்க மனமில்லாமல் விரலைச் சுற்றி வந்தது. மேல் நிரையிலிருந்து கங்காணி, அங்கே என்ன நிற்கிறாய் என்று சத்தம் போட்டார். அது இறங்கும்வரை அவள் நின்றாள்.