கினியாவைத் திட்டிய டீக்கடை

இன்று காலை அரிசிப் பீப்பாயின் அடியைச் சுரண்டும்போது பழைய நொய்யரிசி வாசனை வந்தது. கொஞ்சம் சணல், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தவிடு. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அரிசி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மகன் ரியாஸுக்கு மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். பர்மாவில் வாலிபர்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து அவன் எங்கள் லான்மடாவ் தெருவில் கால் வைத்ததில்லை. நாலாம் மாடியும் கம்பி போட்ட பால்கனியும்தான் அவன் ஊர்.

அந்த வாசனை என்னை எப்போதும் கொனாக்ரிக்குக் கொண்டுபோய்விடும். நான் போனதே இல்லாத ஊர்; மேற்கு ஆப்பிரிக்காவில் கினியா நாட்டின் தலைநகரம். போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் யூசுப் நானாவின் ஏற்றுமதிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நொய் கொனாக்ரிக்குத்தான் கப்பலேறியது. நாம் கோழிக்குப் போடுவதில் அவர்கள் விருந்தே வைப்பார்களாம். மூட்டையில் குத்தூசி செருகி மாதிரி எடுப்பது என் உத்தியோகம். நான் படித்த படிப்புக்கு அதுவே அதிகம்.

கடைக்கு எதிரே டோ மியா என்ற பர்மிய அம்மாவின் டீக்கடை. முழங்கால் உயர ஸ்டூல்களில் தரகர்கள் உட்கார்ந்து கினியா அரசாங்கத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். அங்கேயும் பட்டாளத்துக்காரர் ஆட்சி, இங்கேயும் அதே. இதைத் திட்டினால் உள்ளே தள்ளுவார்கள். அதைத் திட்டினால் ஏனென்று கேட்க நாதியில்லை. ஒற்றன் என்று நாங்கள் சந்தேகப்பட்ட மூலை ஸ்டூல்காரர்கூடத் தலையாட்டுவார். அங்கே ஜனாதிபதி இறந்த சூடு ஆறுமுன் சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்தார்களே, அன்று திட்டித் திட்டி எல்லாருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

அதற்கப்புறம் இப்ராஹிமா என்ற கொனாக்ரி வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். யூசுப் நானா மறதியாக அவரை அந்தக் கடைக்கே அழைத்துப் போய்விட்டார். ஒரு தரகர் வழக்கம்போல ஆரம்பிக்க, கினியா என்ற சொல்லைக் கேட்ட விருந்தாளி என்ன பேசுகிறார்கள் என்றார். நானா அரைகுறை இங்கிலீஷில் உள்ளதைச் சொல்லிவிட்டார். வியாபாரம் போச்சு என்று நினைத்தேன். இப்ராஹிமா டீயைக் கலக்கியபடி ஏதோ சொன்னார். நானா சிரித்தே விட்டார்.

"அவுக ஊரு டீக்கடையில பர்மாவத்தான் திட்டுவாகளாம்பா."

பிறகு இரண்டு நாட்டிலும் ஓட்டுப் பெட்டி வந்தது. கொஞ்ச காலம் எங்கள் அரசாங்கத்தையே வாய்விட்டுத் திட்டினோம். கினியாவை மறந்தே போனோம். அப்புறம் ஒரே வருஷத்தில் இரண்டும் பட்டாளத்தின் கையில் விழுந்தன. அங்கே தேர்தலில் வந்தவரே சட்டத்தை மாற்றி நாற்காலியை விடாமல் பிடித்திருந்ததால் ஜனங்கள் முதலில் தெருவில் ஆடினார்கள். இங்கே யாரும் ஆடவில்லை. எதிர்ப்பைக் காட்ட ராத்திரியில் சட்டி பானையைத் தட்டினோம். போன டிசம்பரில் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாட்டிலும் ஓட்டுப் போட்டார்கள். அங்கே, தேர்தலில் நிற்கமாட்டேன் என்ற சிப்பாய்த் தலைவரே நின்றார். இங்கே எப்படி என்று நான் எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா?

டீக்கடை நாளிலிருந்து எனக்குச் சிநேகமாகிவிட்ட இப்ராஹிமாவின் குரல் அந்த வாரம் போனில் வந்தது. பையனை அனுப்பு, என் சரக்குக் கிட்டங்கியில் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று சிரித்தேன். ரியாஸ் சிரிக்கவில்லை.

"வாப்பா, அங்க தெருவுல நடக்கலாம்ல?"

நடக்கலாம். ஆனால் அவன் வயசுக்காரர்களை இங்கே விமான நிலையத்திலேயே திருப்பிவிடுகிறார்கள்.

இன்று அரிசி வாங்கப் போட்டாதாங் போனேன். டோ மியாவுக்கு வயதாகிவிட்டது. தரகர்கள் இல்லை; அக்கம்பக்கத்தில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு வாய் பேசாமல் டீ குடித்தார்கள். நெஞ்சு பாரம் குறையட்டுமென்று, கினியாவில் நடந்ததைப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தேன். டோ மியா அடுத்த மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த நாட்டுப் பேரும் இங்கே வேண்டாம் பாய் என்று பர்மிய மொழியில் மெல்லச் சொன்னார்.

திட்டுவதற்கென்று எங்களுக்கு இருந்த ஒரே நாடும் போயிற்று. அரிசியைச் சுமந்து நாலு மாடி ஏறினேன். கதவைத் திறந்த ரியாஸ் பையை வாங்கிக்கொண்டு, தெரு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.