அரைக் கிலோ குறைந்த துவக்கு

1. எடை

“அண்ணை, இதில அரைக் கிலோவாவது குறைச்சுத் தாங்கோ. இல்லாட்டி என்ர வேலை போயிடும்.”

சிவரூபன் கடைக்குள் வந்து பெட்டியைத் திறந்ததும் சொன்ன முதல் பேச்சு இதுதான். பெட்டிக்குள் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் இருந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய சாதாரண வேட்டைத் துப்பாக்கி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் துவக்கு என்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து கிரெய்கிபர்ன் புறநகரில் குடியிருக்கும் அவருக்கு, மலைக்காடுகளில் பெருகிவிட்ட மான்களைச் சுட்டுக் குறைக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக கான்ட்ராக்ட் வேலை. நாள் முழுக்க மேடு ஏறி இறங்க வேண்டும். துப்பாக்கியோடு மேடு ஏறிக் குறி தவறாமல் சுட்டுக் காட்ட வருடா வருடம் ஒரு டெஸ்ட் உண்டு. இந்த வருடம் வலது தோள் வலியால் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் தவறினால் அவர் இடத்துக்கு வேறு ஆள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்ருகனினாவில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு துப்பாக்கிப் பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத். நான் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டேன். “கோழியை அறுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிற ஆளு, உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வேலை?” என்று என் மச்சினன் போன் செய்யும்போதெல்லாம் கேட்பான். எனக்கு இரும்பு பிடிக்கும். இரண்டு உலோகத் துண்டுகள் இடுக்கில் காற்றுப் போகாமல் உட்கார்ந்தால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன். அவ்வளவுதான்.

சேஸிஸ் என்றால் என்னவென்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். துப்பாக்கியில் பேரல் என்ற குழாயும், குண்டை ஏற்றி வெடிக்க வைக்கும் ஆக்‌ஷனும்தான் சுடும் பகுதி. அவை உட்காரும் உடம்பு பழைய முறையில் மரக்கட்டை. மரம் மழையில் ஊறினால் உப்பும், குறி தவறும். அந்தக் கட்டைக்குப் பதிலாக உலோகத்தில் கடைந்த உடம்பு வந்தால் அது சேஸிஸ். மெக்னீசியம், கார்பன் ஃபைபர் என்று இப்போது பஞ்சு மாதிரி வருகிறது. மடிக்கிற வகையும் உண்டு. அது இங்கே சட்டச் சிக்கல் என்று எங்கள் முதலாளி கிரஹாம் அதைக் கடைக்குள் வரவே விடமாட்டார்.

எடை குறைக்கச் சொன்னால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆறு சேஸிஸின் எடையைக் கிராம் கணக்கில் எழுதி அட்டவணை போட்டேன். ஆக லேசானதைத் தேர்ந்தேன். மரக்கட்டையைக் கழற்றி அதை மாட்டினேன். தராசில் வைத்தால் ஐந்நூற்று இருபது கிராம் குறைந்திருந்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. மூன்று குண்டு

அந்த வாரமே இருவரும் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். நூறு மீட்டரில் ஒரு அட்டை. முதல் குண்டு நடுவில் பட்டது. இரண்டாவது வலது ஓரம். மூன்றாவது அட்டையிலேயே இல்லை. சிவரூபன் போல்ட்டைத் திறந்து துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாச்சுங்க?”

“முந்தியைவிட நோகுது அண்ணை. கழுதை உதைச்ச மாதிரிக் கிடக்கு.”

துப்பாக்கியின் பாரம் குறைந்தால் பின்னால் உதைக்கிற வேகம் கூடும். இது எனக்குத் தெரியாததல்ல. தோளில் பதிகிற பின்முனைக்குப் பட் என்று பெயர். அதில் இருக்கிற ரப்பர் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். என் வேலையால் ஒரு மனிதனின் வலி கூடிவிட்டதே என்று வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் காரில் அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். “பரவாயில்லை அண்ணை, பழகிடும்.”

பழகுவதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அன்றைக்கு வீட்டில் தோசையை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். கனமாக இருந்தபோதும் வலித்தது, லேசாக்கினாலும் வலிக்கிறது. அப்படியானால் குற்றம் எடையில் மட்டும் இருக்க முடியாது. வேறு எதில்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

3. வசந்தி சொன்னது

சனிக்கிழமை அவரை வரச்சொன்னேன். மனைவி வசந்தியும் கூடவே வந்தார். பட்டறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, வந்த வேகத்தில் ஆரம்பித்தார்.

“துவக்குக்குப் பயந்துதான் அந்த நாட்டை விட்டு வந்தனாங்கள். இஞ்ச வந்தும் இந்த மனிசன் துவக்கோட நிக்குது.”

“இது மானுக்கு, உமக்கில்லை,” என்றார் சிவரூபன்.

போல்ட்டைக் கழற்றி வெறும் துப்பாக்கியைச் சிவரூபன் கையில் கொடுத்தேன். மாடிப் படியில் ஏறச்சொன்னேன், இறங்கச்சொன்னேன், தோளில் வைத்துக் குறி பார்க்கச்சொன்னேன். பக்கவாட்டில் நின்று பார்த்தபடியே இருந்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் தராசின் முள்ளைத்தான். ஆளைப் பார்க்கவில்லை. அவர் கழுத்து முன்னால் நீண்டது. தோள் பின்னுக்கு வளைந்தது. ஏதோ எட்டாத பொருளை எட்டிப் பிடிக்கிறவர் போல நின்றார். ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை.

“அது இவருக்குப் பெரிசு,” என்றார் வசந்தி.

“எதுங்கம்மா?”

“துவக்குத்தான். இஞ்ச வாங்கிற ஜாக்கெட் எல்லாம் இவருக்குக் கை நீளம். நான்தான் மடிச்சுத் தைச்சுக் குடுக்கிறன். துவக்கு மட்டும் அளவா இருக்குமோ?”

நான் டேப்பை எடுத்தேன். ட்ரிக்கரிலிருந்து பட்டின் கடைசி வரை உள்ள தூரத்தை இந்தத் தொழிலில் லெங்த் ஆஃப் புல் என்பார்கள். பதின்மூன்றே முக்கால் அங்குலம் இருந்தது. பட் முனையை அவர் முழங்கை மடிப்பில் வைத்துக் கையை நீட்டச்சொன்னேன். விரல் நுனி மட்டும் ட்ரிக்கரை உரசியது. பழைய கட்டையை எடுத்து அளந்தேன். அதுவும் அதே நீளம். ஆறடி ஆளுக்கு அளவெடுத்த துப்பாக்கியை ஐந்தடி நாலங்குல மனிதர் சுமந்திருக்கிறார். பட் தோளின் குழியில் உட்காராமல் ஓரத்து எலும்பில் போய் முட்டியிருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அந்த எலும்புக்கு ஒரு அடி.

“ஏனுங்க, ஆறு வருசமா இது நீளம்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையா?”

“தோணினதுதான். ஆனா இஞ்ச எல்லாமே பெரிசுதானே அண்ணை. கார் சீற், பூட்ஸ், குசினியில மேல் தட்டு. நாங்கள்தானே சரிக்கட்டிப் போறனாங்கள். துவக்கு எண்டாலும் இப்பிடித்தானாக்கும் எண்டு இருந்திட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். நானும் அதே ஐந்தடி நாலங்குலம். இத்தனை வருடத்தில் எத்தனை துப்பாக்கிக்கு உடம்பு மாற்றியிருப்பேன். எல்லாவற்றையும் ஸ்டாண்டில் வைத்துத்தான் சோதித்தேன். ஒன்றையாவது என் தோளில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

4. இரண்டாவது சேஸிஸ்

அட்டவணையில் நான் ஒதுக்கிய ஒன்றை மறுபடி எடுத்தேன். முதல் சேஸிஸைவிட இருநூற்றுத் தொண்ணூறு கிராம் அதிகம். ஆனால் பட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகடுகள் உண்டு. கழற்றினால் நீளம் குறையும். எல்லாவற்றையும் கழற்றி பன்னிரண்டரை அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். பட் சரியாகத் தோள் குழியில் உட்கார்ந்தது. நீளம் குறைந்ததும் கண், குறி பார்க்கும் குழலான ஸ்கோப்புக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. அப்படியே சுட்டால் புருவம் கிழியும். ஸ்கோப்பை முன்னால் தள்ளி மாட்டினேன். கூடுதல் எடை பின்பக்கமே இருந்ததால் மூக்குப் பாரமும், அதாவது முன்முனை கீழே இழுப்பதும், குறைந்தது. தராசு எடை கூடுதல் என்றது. கையில் வாங்கிய சிவரூபன், “இதுதான் லேசு,” என்றார்.

வசந்தி எழுந்து வந்து கணவரைச் சுற்றிப் பார்த்தார். “இப்பதான் தையல் சரி.”

டெஸ்ட் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்க்ரூ முறுக்கும் டார்க் ரெஞ்ச்சை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

“அண்ணை, பாஸ்.”

“ரொம்ப சந்தோசம்ங்க.”

அவர் போனை வைக்கவில்லை.

“அண்ணை, நோகேல்லை. சுட்டுப்போட்டுத் தோளைத் தடவாமல் எழும்பினது இண்டைக்குத்தான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘சரிங்க, சரிங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை கிராம் குறைக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வந்திருப்பவர் நம் ஆள் என்றால் இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை அவர் பரவாயில்லை என்றுதான் சொல்வார்.