லண்டனில் வாழாத லண்டன் டீச்சர்

கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போயிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ளுஹர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. யாரோ இறந்துவிட்ட மௌத்து அறிவித்தல்தான் என்று எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். ஹமீதாவின் பெயர் வந்தது, அவள் வாப்பாவின் பெயர் வந்தது. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, "லண்டன் டீச்சர்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

"நம்மட லண்டன் டீச்சரா?" என்று மீன்காரர் தராசைக் கீழே வைத்தார்.

இன்னாலில்லாஹி சொன்னேன். சொல்லி வாய் மூடும் முன்பே, என் மௌத்தை அறிவிக்கும்போது பெயருக்குப் பின்னால் எதைச் சேர்ப்பார்கள் என்ற யோசனை வந்துவிட்டது. அவளோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கும் ஐம்பது வருடப் பழக்கம் அப்படி.

அவளிடம் ஆங்கிலம் படித்த உங்களில் பலர் இதை வாசிப்பீர்கள். நான் அவளை 'அவர்' என்று எழுதாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவள், என் பெரியம்மாவின் மகள். அவள் லண்டனில் வாழ்ந்ததே இல்லை. பெரியப்பா வைத்தியராக வேலை பார்த்தது, லண்டனிலிருந்து ரயிலில் அரை நாள் தள்ளியிருந்த ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில். நான்கு வயதில் போனாள். அவளுக்குப் பத்து வயதானபோது பெரியம்மா அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டார். இரண்டு வருடம் கழித்து பெரியப்பா அவளை மருதமுனைக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டில் என் உம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து என் கட்டிலில் பாதி அவளுடையது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உம்மாவின் காதுகள் முழுவதும் அவளுடையவையாகிப்போனதுதான் பெரிதாகப் பட்டது.

அஸர் தொழுதபின் உம்மா அரிசி புடைக்க உட்காருவா. ஹமீதா பக்கத்தில் குந்தி, தட்டுத்தடுமாறும் தமிழில் அந்த ஊரைச் சொல்லுவாள். ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்குக் கரியை வண்டியில் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். பெண்களும் பிள்ளைகளும் வாளியில் அள்ளி உள்ளே சேர்ப்பார்கள். பெரியப்பாவின் முன்னறையில் இருமிக்கொண்டே ஆண்கள் வரிசையில் இருப்பார்கள். காயம் ஆறிய இடத்தில் கரித்தூள் தோலுக்குள் தங்கி, அவர்கள் கைகளில் நீல நீலக் கோடுகளாகத் தெரியும். உம்மா புடைப்பதை நிறுத்திவிட்டு, "மறுகா?" என்று அடுத்ததைக் கேட்பா.

நானும் ஒரு நாள், எங்கள் வகுப்பறைக்குள் மாடு புகுந்து கரும்பலகையைத் தள்ளிவிட்ட கதையைச் சொன்னேன். "ஆ, அப்பிடியா," என்று சொல்லிவிட்டு உம்மா அவளிடம் திரும்பினா. "அந்த வீட்டு அடுப்படிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கிளி?"

ஒரு கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

உம்மாவுக்கு மிகவும் பிடித்தது சலவைக் கதை. போன புதிதில் பெரியம்மா வெள்ளைச் சீலைகளைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். சுரங்கப் பக்கமிருந்து காற்று திரும்பியதும் கரித்தூள் படிந்து எல்லாம் சாம்பல் நிறமாகத் தொடங்கின. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கத்திக்கொண்டு ஓடிவந்து, உள்ளே எடுத்துவிடத் துணியை இழுக்க, பெரியம்மா தன் சீலையைக் களவெடுக்க வந்தவள் என்று நினைத்து மறுபக்கம் பிடித்து இழுத்திருக்கிறார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. உம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பா. சிரிப்பு நின்ற பிறகும் அந்தக் கண்ணீர் நிற்காது. நான் அப்போது சிரிப்பை மட்டும்தான் பார்த்தேன்.

பிறகு இருவரும் ஆசிரியைகளானோம், ஒரே பாடசாலை. அவள் ஆங்கிலம், நான் புவியியல். ஒரு நாள் ஓய்வறையில் அவள், ஊருக்குப் பின்னால் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த ஒரு கறுப்பு மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பனி மூடினாலும் அந்த மலையில் மட்டும் பனி தங்காதாம், கறுப்பாகவே நிற்குமாம். எல்லோரும் பிளேன்டீயைக் கையில் வைத்தபடி வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"புவியியல் டீச்சர் நான் இரிக்கிறன்," என்றேன். "பக்கத்து நிலத்தில தங்குற பனி மலையில தங்காதா? சின்னப் புள்ளயில கண்ட கனவையெல்லாம் இங்க வந்து கதைக்காத, ஹமீதா."

சிலர் சிரித்தார்கள். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அதன் பிறகு, ஒரே ஒரு நாள் தவிர, அந்தக் கிராமத்தைப் பற்றி அவள் வாயால் யாரும் கேட்கவில்லை. அப்போது அவள் கலியாணம் முடித்துத் தனி வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வருவாள், உம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பாள், போய்விடுவாள்.

"அவ ஏன் இப்ப ஒண்டும் கதைக்கிறா இல்ல?" என்று உம்மா கேட்டா.

"வேல கூடவாக்கும்," என்றேன்.

சில மாதங்களில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில், நூலகத்துப் புத்தகமொன்றில் வாசித்தேன். கழிவுக் குவியலில் மிஞ்சிய கரி உள்ளே தீப்பற்றி வருடக்கணக்கில் புகையுமாம். மேல் மண் சூடாகவே இருக்குமாம். பனி எப்படித் தங்கும்? புத்தகத்தை மூடி வைத்தேன். ஊருக்கு வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் உம்மா படுக்கையில் விழுந்தா. ஒரு காலை என் கையைப் பிடித்து, "ஹமீதாவக் கூப்பிடு. அந்த ஊரக் கேக்கணும்," என்றா. என்னிடம் கேட்க உம்மாவுக்கு ஒன்றுமிருக்கவில்லை.

ஹமீதா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். வாசலிலேயே சொல்லிவிட்டேன். "அந்த மலை உள்ளுக்கு எரியுமாம். நீ சொன்னது சரி. எனக்கு எப்பவோ தெரியும்."

"நான் அதுல ஏறி நிண்டவ கா," என்றாள். "சப்பாத்துக்குள்ளால சூடு வரும்." விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். "வா, சாச்சி பாத்துக்கிட்டு இரிப்பா." என் உம்மா அவளுக்குச் சாச்சி, சின்னம்மா.

அன்று உம்மா சுற்றி வளைக்காமல் தன் மூத்த சகோதரியைப் பற்றிக் கேட்டா. "என்ட ராத்தாவ எப்பிடிக் கொண்டு போனாங்க? நீ அதச் சொன்னதே இல்ல."

ஹமீதா சொன்னாள். பட்டணத்துப் பள்ளிவாசலிலிருந்து ஒரு வேனில் ஆண்களும் பெண்களும் வந்து குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்தார்கள். சந்தூக் பெட்டி வெளியே வந்த நேரம் சுரங்கத்தில் ஒரு குழுவின் வேலை முடிந்திருந்தது. வெளியே வந்த ஆண்கள் குளிக்கக்கூடப் போகாமல், கரி பூசிய முகத்தோடு, தொப்பியைக் கழற்றித் தெருவின் இரு பக்கமும் கடைசி வீடுவரை நின்றார்கள். துணிக்குச் சண்டை பிடித்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஹமீதாவைத் தன் கோட்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

உம்மா ஹமீதாவின் கையைத் தேடிப் பிடித்தா. பிறகு, "என்ட ராத்தாக்கு ஆள் இரிந்திச்சு," என்றா. "எனக்கு இது காணும்."

அத்தனை வருடமும் உம்மா கேட்டுக்கொண்டிருந்தது இங்கிலாந்தை அல்ல என்பது அறை வாசலில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் என்ன? உம்மா தன் கடைசி நீண்ட பேச்சை அவளோடுதான் பேசினா என்று இன்றுவரை உள்ளே எரிகிறது.

அன்று அடுப்படியில் ஹமீதா என்னிடம் சொன்னதை எழுதாமல் விட்டால் அது களவு. "ஒன்னப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாம தெரியுமா? நீ சும்மா வந்து படுத்தாலே சாச்சி ஒன்ட தலயத் தடவுவா. எனக்கு ஒரு கதை இரிக்கணும். கதை முடிஞ்சா எழும்பிப் போயிருவாவோ எண்டு பயந்து பயந்துதான் நீட்டி நீட்டிச் சொன்னன்."

அந்தப் பேச்சிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் மனத்தில் கிடந்ததை என்னால் அப்படி ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

ஹமீதாவின் ஜனாஸா வீட்டில் நிற்க இடமில்லை. உம்மாவுக்கு வந்ததைவிடக் கூட்டம் அதிகம், அதையும் கவனித்தேன். ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிப் போனபின், அவளுடைய மகள் என் அருகே பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"சாச்சி, உம்மா சின்னதில இரிந்த அந்த ஊரப் பத்தி ஏதும் தெரியுமா? நாங்க கேட்டா, 'அது குளிர் ஊர்' எண்டு மட்டும் சொல்லுவா. வேற ஒண்டும் சொன்னதே இல்ல."

அந்த ஓய்வறையில் நான் மூடிய வாய், பெற்ற பிள்ளைகளிடம்கூடத் திறக்கவில்லை. உம்மாவும் இல்லை. அந்தக் கிராமம் இப்போது இருப்பது என்னிடம் மட்டும்தான். கதவுக்குப் பின்னால் நின்று, எரிச்சலோடு, ஒரு சொல் விடாமல் கேட்டவள் நான்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: நான் கண்ணால் காணாத ஓர் ஊரின் ஒவ்வொரு வாசலும். எனக்குச் சொந்தமில்லாததை இத்தனை வருடம் வைத்திருந்தேன். மகளின் கையை எடுத்து என் மடியில் வைத்தேன். சீலை இழுபறியிலிருந்து தொடங்கினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்; சுற்றியிருந்த பெண்கள் நகர்ந்து நகர்ந்து கிட்ட வந்தார்கள்.