மூன்றாவது வரிசைச் சிரிப்பு

யூஜினின் மேசையில் மூன்று இழுப்பறைகள் உண்டு. காமெடி நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். விவேக் நகரில், மாதா கோயில் பின்தெருவில் அவன் ஆபீஸ். மேல் இழுப்பறையில் டிவியில் வரும் முகங்கள். கீழே, கல்லூரி விழாக்களில் கைதட்டல் வாங்கிய பொடியன்கள். நடு இழுப்பறையில் ஒன்பது வருடமாகக் கிடந்தது உத்தமனின் புகைப்படம். போட்டோவில் மீசை கருப்பு. ஆளின் மீசை இப்போது சாயம்.

உத்தமன் போகும் இடமெல்லாம் மனைவி தமயந்தியும் போக வேண்டும். அது யூஜின் வைத்த வழக்கம். யாரோ ஒருத்தி போல அவள் மூன்றாவது வரிசையில் உட்காருவாள். ஜோக் முடிந்ததும் முதல் சிரிப்பு அவளுடையது. குடம் கவிழ்ந்தது போல ஒரு சிரிப்பு. பக்கத்து நாற்காலிக்குத் தொற்றி, கூடமே குலுங்கும். ஜோக்குகளோ அவளைப் பற்றியவைதான். அவள் சாம்பார், அவள் குறட்டை, அவள் உடம்பு. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி அத்தனைக்கும் சிரிப்பாள். எந்த ஜோக்கையும் அவர் வீட்டில் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பு பழசாகிவிடுமாம்.

இரண்டாயிரத்து இரண்டில், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு மாதா மாதம் காமெடி நடத்த, வருடம் முழுவதற்கும் ஒருவரைத் தேடியது. கேண்டீனில் வைத்துத் தேர்வு.

"இது கெடச்சா உங்க போட்டோ மேல போயிடும்ணா," என்றான் யூஜின். "ஆனா பழைய சரக்கு வேணாம் குரு. சாம்பாரெல்லாம் அங்க கேட்டாச்சு. ஃப்ரெஷ்ஷா ஒண்ணு குடுங்க."

ஆஸ்டின் டவுன் வீட்டில் நாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் உத்தமன். ஒன்றும் சிக்கவில்லை. தேர்வுக்கு முதல்நாள்தான் சிக்கியது. பாவி மனம், அதைப் போய் எடுத்தது.

கேண்டீனில் மைக்கைப் பிடித்தார். "என் பொண்டாட்டிக்கு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க சார். மயக்கம் தெளிஞ்சதும் என்னைப் பாத்து, என் கொழந்த எங்கங்கறா. டாக்டரு வீட்டையே இடிச்சிட்டாரு, இவ குடித்தனக்காரனத் தேடறா."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் அப்படிக் கேட்டது நிஜம். அன்று ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுததும் இதே உத்தமன்தான்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தார். தமயந்தி சிரிக்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்காததால் யாரும் சிரிக்கவில்லை. அவசரமாகச் சாம்பாருக்குத் தாவினார், அதுவும் ஆறிப்போயிருந்தது.

வீட்டில் அவள் வழக்கம்போல் சோறு போட்டாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் யூஜின் போன் செய்தான். "ரோஹன்னு ஒரு சின்னப் பையன், அவனுக்குக் குடுத்துட்டாங்கண்ணா. தப்பா நெனைக்காதீங்க. அவன் ஷோவுக்கு அக்காவ மட்டும் அனுப்புவீங்களா? மொத சிரிப்புக்கு ஆள் இல்ல."

உத்தமனின் கையிலிருந்து தமயந்தி ரிசீவரை வாங்கி, விஷயம் கேட்டுக்கொண்டாள். "எத்தனை மணிக்கு வரணும் யூஜின்?"

அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவரும் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ரோஹன் டிராஃபிக் பற்றிப் பேசினான், மேனேஜர் பற்றிப் பேசினான். மூன்றாவது வரிசையில் குடம் கவிழ்ந்தது. அதே சிரிப்பு, அதே தலைப்பு, அதே கண் துடைப்பு. கூடம் குலுங்கியது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். "பையன் ஜோக்கு நல்லா இருந்துச்சா?"

"தெரியலீங்க. நான் கேக்கவே இல்ல."

"கேக்காம எப்படி அப்படிச் சிரிச்ச?"

தமயந்தி கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குச் சிரிச்ச மாதிரிதான்."