துக்க வீட்டில் நான் சொன்ன வாக்கியம்

சொல்லவிருக்கும் எதையும் முதலில் எனக்குள் சொல்லிப் பார்ப்பது கல்லூரிக் காலந்தொட்டு என் வழக்கம். வாக்கியம் முழுமையாக அமைந்த பிறகே வாய் திறப்பேன். எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் நான் தலைமை தாங்கிய கூட்டங்களில் ஒரு சொல்லையேனும் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று எவரும் கூற இயலாது. தற்பெருமைக்காக இதைக் குறிப்பிடவில்லை. பின்வருவதைப் படிப்பவர்கள் என்னை மறதிக்காரன் என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடக் கூடாது.

சென்ற ஆண்டு, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வசிக்கும் என் தம்பியின் மனைவி காலமானார். செய்தி வந்த காலையில் நானும் என் மனைவியும் காரில் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, தம்பியிடம் கூற வேண்டியதை அமைத்துக்கொண்டேன். “இனி நீ தனியாக இருக்க வேண்டாம். என் வீட்டு மாடியறை உனக்காகத் திறந்திருக்கும்.” முதலில் ‘காலியாக இருக்கிறது’ என்றுதான் வந்தது. மனைவியை இழந்தவனிடம் ‘காலி’ என்ற சொல் ஆகாது என்று மாற்றினேன்.

அதை அவனிடம் கூறினேன். பந்தலுக்குப் பின்புறம், தண்ணீர்க் குழாயருகே, அவன் கையைப் பற்றிக்கொண்டு கூறினேன். இழவு வீட்டில் விடைபெறும் வழக்கம் இல்லையாதலால், பிறகு சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டோம்.

கருமாதி முடிந்தது. தொலைபேசியில் மழை, முட்டிவலி, மீன் விலை எல்லாம் பேசினான். அறையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அண்ணன் மனமுவந்து அளித்ததை ஏற்பதாகவோ மறுப்பதாகவோ தெரிவிக்காதது எனக்கு அவமதிப்பாகவே பட்டது. நானாக மீண்டும் கேட்பது முறையன்று என்று இருந்துவிட்டேன்.

அப்படியிருக்க, அவன் கோலாலம்பூரிலுள்ள மகள் வீட்டோடு போய்விடப்போவதாகத் தெரியவந்தது. நானும் என் மனைவியும் சென்றோம். கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. தம்பி சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

“மக வீடு பதினெட்டாவது மாடிண்ணே. கீழ எறங்கினா தெரிஞ்ச மூஞ்சி ஒன்னு இருக்காது. பகல்லாம் அவ வேலைக்குப் போயிருவா. என்னா செய்ய, இங்க தனியா கெடக்க முடியலலா.”

“அப்புறம் ஏன் போற? நான்தான் கூப்பிட்டேனே.”

“எப்பண்ணே கூப்பிட்டீங்க?”

“அன்னிக்கு, குழாயடியில. மாடியறை உனக்காகத் திறந்திருக்கும்னு சொன்னேன்.”

தம்பி சட்டையைக் கீழே வைத்தான். “நீங்க கையப் புடிச்சீங்க. ரொம்ப நேரம் புடிச்சிருந்தீங்க. என்னமோ சொல்லப் போறீங்கன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். விட்டுட்டுப் போயிட்டீங்க.”

என் மனைவியைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாதுங்க. கார்ல வரும்போது ஏதோ முணுமுணுத்துக்கிட்டே வந்தீங்க. யாருக்குன்னு நானும் கேக்கல.”

“மனசுக்குள்ள சொல்லியிருப்பாரு அண்ணி,” என்று தம்பி சிரித்தான். “அங்கேருந்து இங்க எப்படிக் கேக்கும்? நடுவுல கடல் கெடக்குலா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. எந்த இடத்தில் குரல் தணிந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் அதைக் கேட்டபோது தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று தேடினால், அங்கே ஒன்றுமே இல்லை. வாய்விட்டுச் சொன்னதற்கும் உள்ளே சொன்னதற்கும் ஏதேனும் வேறுபாடு இருக்க வேண்டுமல்லவா? அது எனக்குப் புலப்படவில்லை. நான் சொல்லவில்லையென்றால், இத்தனை மாதங்களாக எதற்காக அவன்மீது வருத்தம் கொண்டிருந்தேன்? சொல்லியிருந்தால், அழுத களைப்பில் அவன் காதில் விழாமல் போயிற்றா? அதுவும் நடக்கக்கூடியதே. அப்படித்தான் நடந்திருக்கும் என்று எண்ணவே எனக்கு விருப்பம். அந்த விருப்பமே என்னை மேலும் ஐயுற வைக்கிறது.

“அண்ணே,” என்றான் தம்பி. “இப்ப சொல்லப் போறீங்களா, இல்ல சொல்லி முடிச்சிட்டீங்களா?”

பேசாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறேன் போலும்.

“வாடா,” என்றேன். அமைத்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “வீட்டுக்கு வாடா.”

இம்முறை அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு கோணியது, பிறகு நேரானது. அழுகையா சிரிப்பா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. என் மனைவிதான் மீதிச் சட்டைகளை உள்ளே திணித்துப் பெட்டியை மூடினாள்.

“மகளுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன் தம்பி. நீங்க ரெண்டு பேரும் இப்படியே நின்னா பொழுது விடிஞ்சிரும். கெளம்புங்க.”

திரும்பும் வழியில் அவன் காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தான். ஆகவே, இம்முறையாவது நான் வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன் என்று கொள்ள வேண்டும். பாலத்தின் நடுவில் அவன் முன்னால் குனிந்தான்.

“என்னண்ணே, கூப்பிட்டீங்களா?”

நான் வாய் திறக்கவே இல்லை. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். திறக்கவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.