போனது விரலில்லை, ஃபியூஸ்

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரின் வலது கை மறுபடி அசைந்தது ஒரு பழைய வீடியோ கேமால்தான். பிசியோதெரபிக்காரர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் சன்னல் வழியே எறிந்துவிட்டார், அதுவும் இடது கையால். பிரான்சிலிருக்கும் அவர் அண்ணன் எப்போதோ விட்டுப்போன கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி டி.வி.யில் மாட்டினேன். மூன்று வாரத்தில் அவருடைய வலது கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. திரையில் ஒருவன் குதித்தான். நான் அடுப்படியில் போய் அழுதேன்.

ஒரு நாள் காலை வீடு பெருக்கும்போது, பெட்டி ஓடிக்கொண்டிருக்கையிலேயே கன்ட்ரோலர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெருக்கி முடித்துத் திரும்பச் செருகினேன். அவரைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அழுத்தினார், அழுத்தினார். திரையில் எதுவும் அசையவில்லை.

"விரலும் போச்சு," என்றார்.

அவர் படுத்ததும் நானும் அழுத்திப் பார்த்தேன். எனக்கும் ஓடவில்லை. அப்போதே எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி அதிகமாயிற்றே! சத்தமில்லாமல் சரிசெய்து வைத்தால், விரல் தானாகத் தேறிவிட்டதென்று நினைத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன்.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நெல்லித்தோப்பிலிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைக்கு ஆட்டோவில் ஓடினேன். மெக்கானிக் பெட்டியைக் கழற்றி, கன்ட்ரோலர் செருகும் சின்ன போர்டில் மீட்டரை வைத்தார். கரண்ட் இருக்கும்போது யாரோ ஒயரைப் பிடுங்கியதில் ஃபியூஸ் போய்விட்டது என்றார். மிளகளவு சாமான். வீட்டு ஃபியூஸுக்குச் செய்வதுபோல ஒரு செம்புக்கம்பியை வைத்துப் பற்றவைத்துவிடலாமாம். கம்பியை வைத்து, அடுத்த முறை போர்டே எரிந்தால் நான் எங்கே போவேன்? ஃபியூஸே போடுங்கள் என்று கெஞ்சினேன். பழைய போர்டுகள் கிடந்த டப்பாவைக் கிளறி, ஒன்றிலிருந்து அதே அளவு ஃபியூஸைச் சூடு காட்டி எடுத்து, இதில் பற்றவைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்க்கக் கடையில் டி.வி. இல்லை.

வீட்டில் அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்து அழுத்தினேன். திரையில் அவன் ஓடினான், குதித்தான். சந்தோஷம் தாங்காமல் இன்னும் பத்து முறை அழுத்தினேன். திரும்பினால், சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

"ஒனக்கு ஓடுதே," என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். ஒயரைப் பிடுங்கியது, ஃபியூஸ், மெக்கானிக், எல்லாம். அத்தாட்சிக்குக் காட்ட, போன ஃபியூஸைக் கேட்டு வாங்கிவரக்கூடத் தோன்றியிருக்கவில்லை.

"ஏங்க, சத்தியமா சொல்றேன், காலையில எனக்கும் ஓடல."

அவர் சிரித்தார். நேற்றைவிட இன்றைக்குத் தேவலாம் என்று இரண்டு மாதமாகத் தினமும் அவரிடம் பொய் சொன்ன வாய் என்னுடையது. அது பொய்யென்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

உட்கார வைத்து, கன்ட்ரோலரை மடியில் வைத்தேன். கட்டைவிரலை எடுத்துப் பட்டன்மேல் வைத்தேன். ஒரே ஒரு தரம் அழுத்துங்கள் என்று அவர் காலைப் பிடித்தேன்.

அவர் இடது கையால் அந்த வலது கையைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார்.